பட்டயமும் படமும்: பசுமைக் கட்டடங்களை எப்படிப் பார்ப்பது?

சான்றிதழ் பெற்ற பசுமைக் கட்டடம் எதற்குள் நுழைந்தாலும் வரவேற்புக் கூடத்தில் இரண்டு பொருட்கள் கண்ணில் படும். ஒன்று, ‘பிளாட்டினம்’ என்றோ ‘ஐந்து நட்சத்திரம்’ என்றோ பொறித்த பட்டயம். மற்றொன்று, சட்டமிட்டு மாட்டிய பெரிய புகைப்படம். அதில் வானம் தெளிவாக இருக்கும், கண்ணாடி துடைத்துப் பளபளக்கும், புல்வெளி அன்றுதான் விரித்தது போல இருக்கும், மனிதர்கள் இருக்க மாட்டார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில், கட்டடம் குடியேறத் தயாரான சில மாதங்களுக்குள் பிறந்தவை. இன்று கட்டடக்கலை மாணவர்கள், பொறியாளர்கள், பயண எழுத்தாளர்கள், ஆர்வலர்கள் எனப் பலரும் பசுமைக் கட்டடங்களைத் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள், படமெடுக்கிறார்கள். 2020இல் உலகின் ஆற்றல் சார்ந்த கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 37 விழுக்காடு கட்டடங்களையும் கட்டுமானத்தையும் சேர்ந்தது என்பது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் மதிப்பீடு. ஆகவே இந்த ஆர்வம் நல்லதுதான். ஆனால் எதைப் பார்க்கிறோம், எதைப் படமெடுக்கிறோம் என்ற கேள்வி இதுவரை சரியாகக் கேட்கப்படவில்லை. பட்டயத்துக்கும் படத்துக்கும் உள்ள குறை ஒன்றே: இரண்டும் கட்டடத்தின் முதல் நாளை நிலைநிறுத்துகின்றன. பசுமை என்பதோ அதற்குப் பின்வரும் முப்பது, நாற்பது ஆண்டுகளின் கணக்கு. சான்றளிப்பவர்கள் இந்தக் குறையை உணர்ந்து திருந்தத் தொடங்கிவிட்டார்கள். பார்வையாளர்களும் படமெடுப்பவர்களும் இன்னும் திருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பட்டயத்தைப் பார்ப்போம். கட்டடங்களைச் சுற்றுச்சூழல் நோக்கில் மதிப்பெண் போட்டுத் தரம் பிரிக்கும் முறை 1990இல் பிரிட்டனில் ‘பிரீம்’ என்ற பெயரில் தொடங்கியது. 1993இல் அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றம் உருவானது. அதன் ‘லீட்’ முறை 2000 முதல் பரவலாயிற்று. இந்தியத் தொழில் கூட்டமைப்பு (சி.ஐ.ஐ.) 2001இல் இந்தியப் பசுமைக் கட்டட மன்றத்தை ஏற்படுத்தியது. 2003இல் ஹைதராபாத்தின் சி.ஐ.ஐ.–சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் லீட் பிளாட்டினம் பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே அந்தத் தரத்தை எட்டிய முதல் கட்டடம் அதுதான். 2004இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதைத் திறந்து வைத்தார். டெரி ஆற்றல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘கிரிஹா’ 2007இல் தேசிய மதிப்பீட்டு முறையாக ஏற்கப்பட்டது. லீட் முறையில் மொத்தம் 110 புள்ளிகள். 40 எடுத்தால் சான்று, 80 எடுத்தால் பிளாட்டினம். ஆற்றல், நீர், கட்டுமானப் பொருள், மனைத் தேர்வு, உட்புறக் காற்று என்று புள்ளிகள் பிரிந்து கிடக்கின்றன. ஆற்றலுக்கான புள்ளிகள் பெரும்பாலும் கணினி மாதிரியிலிருந்து வருபவை. அதே அளவில் சாதாரணமாகக் கட்டப்பட்ட ஒரு கற்பனைக் கட்டடத்தைவிட இது எத்தனை விழுக்காடு குறைவாக மின்சாரம் செலவிடும் என்று கணிக்கிறார்கள். எத்தனை பேர் வேலை செய்வார்கள், எத்தனை மணிக்கு விளக்கணைப்பார்கள், ஏ.சி.யை எத்தனை டிகிரியில் வைப்பார்கள் என்பவை அந்தக் கணிப்பில் அனுமானங்கள். கட்டடத்துக்குள் ஆள் வந்த பிறகுதான் அனுமானம் பலித்ததா என்று தெரியும். அதற்குள் பட்டயம் சுவரேறிவிடும்.

பலித்ததா என்று தேடிப் போனவர்கள் கொண்டு வந்த விடை கலவையானது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த கை நியூஷமும் அவருடைய சகாக்களும் நூறு லீட் கட்டடங்களின் உண்மையான ஆற்றல் பயன்பாட்டை ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் அவை, ஒப்பிடத்தக்க மற்றக் கட்டடங்களைவிட ஒரு சதுர அடிக்கு 18 முதல் 39 விழுக்காடு குறைவாகவே ஆற்றலைச் செலவிட்டன. ஆனால் தனித்தனியாகப் பார்த்தபோது 28 முதல் 35 விழுக்காட்டுக் கட்டடங்கள் சாதாரணக் கட்டடங்களைவிட அதிகமாகவே செலவிட்டிருந்தன. வெள்ளியா, தங்கமா என்ற தரத்துக்கும் உண்மையான செலவுக்கும் இடையே தொடர்பு மிகக் குறைவு. நியூயார்க்கில் பிளாட்டினம் பெற்ற முதல் வானளாவியான பேங்க் ஆஃப் அமெரிக்கா டவர், மன்ஹாட்டனின் ஒத்த அளவுள்ள அலுவலகக் கோபுரங்களைவிடச் சதுர அடிக்கு அதிக ஆற்றலை விழுங்கியது 2013இல் பெரிய விவாதமாயிற்று. வங்கி வணிகர்களின் மேசைகளில் இரவும் பகலும் எரியும் கணினித் திரைகளே அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டன. கட்டடத்தைக் குறை சொல்ல முடியாது, கட்டடக்கலைஞரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பட்டயம் சொன்னதும் மீட்டர் சொன்னதும் ஒன்றல்ல. இதிலிருந்து சான்றிதழே பொய் என்ற முடிவுக்குத் தாவுவது அவசரம். சராசரியில் பலன் இருக்கிறது. எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, எதில் இல்லை என்பதைப் பட்டயத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதே பாடம்.

படம் இந்தக் குறையை ஈடுகட்டுமா? வழக்கமாக எடுக்கப்படும் படம் அதைப் பெருக்கவே செய்கிறது. கட்டடப் புகைப்படக் கலையில் ஊறிப்போன இரண்டு வழக்கங்களைக் கவனித்தால் போதும். முதல் வழக்கம், அதிகாலையிலோ மாலையிலோ பொன்னிற வெயிலில் எடுப்பது. சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு மேலே, சற்றே வடக்கில் நிற்கும். அந்த வெயிலைச் சிறிய சன்ஷேடே தடுத்துவிடும். தடுக்க முடியாதது, கிழக்கிலும் மேற்கிலும் தாழ்வாக வந்து சுவரில் நேராக மோதும் காலை, மாலை வெயில். மேற்கு முகக் கண்ணாடி தகதகவென்று தங்கமாய் ஒளிரும் படம் அழகாக இருக்கும். அதே நேரத்தில் உள்ளே வெப்பம் பாய்ந்துகொண்டிருக்கும், ஏ.சி. திணறிக்கொண்டிருக்கும். இரண்டாவது வழக்கம், அந்தி மங்கும் வேளையில், வானம் கருநீலமாக இருக்கையில், எல்லா மாடியிலும் விளக்கைப் போட்டு எடுப்பது. கட்டடம் உள்ளிருந்து ஒளிரும் இந்தப் படம் இல்லாத விளம்பரக் கையேடு அபூர்வம். ஆளில்லாத அறையில் விளக்கை அணைக்கும் சென்சாருக்கும், இரவு வானத்தில் ஒளி சிதறாமல் காப்பதற்கும் புள்ளி வாங்கிய கட்டடம் அந்த ஒரு படத்துக்காக எல்லாவற்றையும் எரிய விடுகிறது. இவற்றோடு கேமராவின் இயல்பான குறை ஒன்றும் சேர்கிறது. எழுதும் மேசைக்குச் சுமார் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் போதும். வெளியே நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். கேமரா தானாகவே எக்ஸ்போஷரைச் சரிசெய்துகொள்வதால் இருண்ட அறையும் வெளிச்சமான அறையும் படத்தில் ஒரே பிரகாசத்தில் தெரியும். இயற்கை ஒளிக்காகப் பரிசு வாங்கிய அறையின் ஒளியைப் படம் நிரூபிக்காது.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் பசுமையின் பெரும்பங்கு இருக்கிறது என்பதற்கு எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. உலகிலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட கட்டடங்களில் அது ஒன்று. 2010ஐ ஒட்டி அதன் 6,514 ஜன்னல்களும் கழற்றப்பட்டன. அவற்றைப் புதிதாக வாங்கவில்லை. கட்டடத்தின் ஐந்தாவது மாடியிலேயே பட்டறை போட்டு, ஒவ்வொரு ஜன்னலின் இரட்டைக் கண்ணாடியையும் பிரித்து, கழுவி, நடுவே மெல்லிய படலம் ஒன்றை இழுத்துக் கட்டி, வெப்பத்தை எளிதில் கடத்தாத வாயுவை நிரப்பி, மறுபடி மூடி, அதே சட்டத்தில் பொருத்தினார்கள். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களின் பின்னால், வெப்பம் சுவருக்குள் போகாமல் திருப்பும் தகடு வைத்தார்கள்; குளிரூட்டும் இயந்திரங்களைப் புதுப்பித்தார்கள். ஆற்றல் செலவை 38 விழுக்காடு வரை குறைப்பது திட்டம். 2011இல் லீட் தங்கச் சான்று கிடைத்தது. அதற்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் வுல்ஃப்காங் ஃபைஸ்ட் 1991இல் குடியேறிய முதல் ‘பாஸிவ் ஹவுஸ்’ அதே ரகம். ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 யூனிட்டுக்கு மேல் சூடாக்கும் ஆற்றல் தேவைப்படாத வீடு என்ற உலகளாவிய அளவுகோலே அங்கிருந்து பிறந்தது. பார்வைக்கு அது நான்கு குடித்தனம் வரிசையாக ஒட்டி நிற்கும் சாதாரணத் தெரு வீடு. தடித்த வெப்பக்காப்பும், காற்றுக் கசியாத இணைப்புகளும், மூன்றடுக்குக் கண்ணாடியும் அதன் சிறப்பு. எதுவும் படத்துக்கு ஆகாது.

நம் நாட்டிலும் இதற்கு அருமையான சாட்சி உண்டு. ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் 2011இல் கட்டிய அலுவலகக் கட்டடம் நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒன்றுபோல அமைந்தது. ஒரு பாதியில் வழக்கமான ஏ.சி. முறையில் குளிர்காற்றை ஊதினார்கள். மறுபாதியில் கான்கிரீட் தளத்துக்குள் குழாய்களைப் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டு, தளமே வெப்பத்தை உறிஞ்சுமாறு செய்தார்கள். அதே வெயில், அதே ஜன்னல், அதே வகை ஊழியர், அதே வேலை நேரம். இரண்டு ஆண்டு அளந்து பார்த்ததில், குழாய் பதித்த பாதி குளிரூட்ட 34 விழுக்காடு குறைவாக மின்சாரம் எடுத்துக்கொண்டது. கட்டுமானச் செலவோ ஏறத்தாழ சமம். ஒரு கட்டடம் தன்னையே தனக்கு எதிரில் நிறுத்தி அளந்துகொண்ட இப்படிப்பட்ட சோதனை உலகிலேயே அரிது. அந்தக் கட்டடத்தை எந்தக் கோணத்தில் படமெடுத்தாலும் எந்தப் பாதி எது என்று சொல்ல முடியாது. சொல்வது மீட்டர் மட்டும்தான்.

தெரியாதது தவறிப்போகிறது என்றால், தெரிவது அளவுக்கு மீறி மதிப்புப் பெறுகிறது. மிலான் நகரில் 2014இல் முடிந்த ‘போஸ்கோ வெர்டிகாலே’ இரட்டைக் கோபுரங்களின் பால்கனிகளில் ஏறத்தாழ எண்ணூறு மரங்கள் நிற்கின்றன. மேலிருந்து கயிற்றில் இறங்கிக் கிளை வெட்டும் தோட்டக்காரர்கள் அவற்றைப் பராமரிக்கிறார்கள். அந்தக் கட்டடத்துக்கும் லீட் தங்கம் உண்டு. நிழலும் பறவைகளும் உண்மையே. ஆனால் அத்தனை மண்ணையும் மரத்தையும் காற்றின் அசைவையும் தாங்க அந்தப் பால்கனிகளுக்குத் தேவைப்பட்ட கூடுதல் கான்கிரீட்டும் இரும்பும் படத்தில் இலைக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. அதன் படம் உலகெங்கும் பரவியபின், மரம் முளைத்த கோபுரங்கள் கணினி வரைபடங்களில் பெருகின. பலவற்றில் வரைபடத்து மரங்கள் கட்டி முடித்தபோது தொட்டிச் செடிகளாகச் சுருங்கின. இந்திய நகரங்களில் இதே வேலையைக் கண்ணாடி செய்திருக்கிறது. நீலக் கண்ணாடி போர்த்திய அலுவலகம் நவீனத்தின் அடையாளமாயிற்று. பட்டயமும் சேர்ந்தபோது பசுமையின் அடையாளமும் ஆயிற்று. ஆனால் 2017ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதிமுறை, அதில் வரையறுத்த அளவுகளை அப்படியே பின்பற்றும் கட்டடத்தில் சுவர்ப்பரப்பில் ஜன்னல் 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. விதிமுறை ஒன்றைச் சொல்ல, படங்கள் வேறொன்றைக் கற்பித்துக்கொண்டிருக்கின்றன. அடுத்த கட்டடத்தைக் கட்டுகிறவர் பெரும்பாலும் விதிமுறையைப் படிப்பதற்கு முன்னால் படத்தைத்தான் பார்க்கிறார்.

காலம் கடந்தபின் நடப்பதைச் சென்னையின் இரண்டு கட்டடங்கள் பளிச்சென்று காட்டுகின்றன. ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் ஜெர்மனியின் ஜி.எம்.பி. நிறுவனம் வடிவமைத்த புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகம் 2010 மார்ச்சில் பிரதமர் மன்மோகன் சிங்கால் திறக்கப்பட்டது. பசுமைக் கட்டடமாகவே திட்டமிட்டுக் கட்டப்பட்ட உலகின் முதல் சட்டமன்றம் என்று அப்போது பெருமையாகப் பேசப்பட்டது. திறப்பு விழாவன்று உச்சிக் கோபுரம் முடிந்திருக்கவில்லை. திரைப்படக் கலை இயக்குநர் தோட்டா தரணி அமைத்த தற்காலிகக் கோபுரம்தான் மேலே நின்றது. அன்றைய படங்களில் பதிவானது அந்த அரங்க அமைப்பே. 2011இல் ஆட்சி மாறியது. 2014இல் அந்த வளாகம் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாயிற்று. ஆண்டில் சில வாரங்கள் கூடும் அவைக்கும், பகலில் இயங்கும் அலுவலகத்துக்கும் போட்ட மின்கணக்கு, இருபத்துநான்கு மணி நேரமும் அறுவை அரங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இயங்கும் மருத்துவமனைக்கு எப்படிப் பொருந்தும்? கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பரில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் லீட் தங்கம் பெற்றது. அதையும் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றும் அறிவிப்பு 2011இல் வந்தது. உயர் நீதிமன்றம் தடுத்ததால் அது நூலகமாகவே நீடித்தது. ஆனால் பராமரிப்புக் குறைகளுக்காக மீண்டும் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. இன்று சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதியில் போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்கள் நிரம்பி வழிகிறார்கள். கட்டடத்தின் பசுமைக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை; நிறையப் பேர் பயன்படுத்தும் ஒரு சதுர அடி, காலியாகக் குளிரூட்டப்படும் பத்துச் சதுர அடியைவிட மேலானது. ஆனால் வழக்கமான கட்டடப் படத்தில் அந்த இளைஞர்கள் இருக்க மாட்டார்கள். காலம் எப்போதும் கட்டடத்துக்கு எதிரி என்றும் சொல்லிவிட முடியாது. இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1994இல் திறந்த கண்டலம விடுதி, லீட் சான்று பெற்ற தொடக்ககால விடுதிகளில் ஒன்று. புதிதாக இருந்தபோது அது பாறையை ஒட்டி நீண்ட வெறும் கான்கிரீட் சட்டகம். கொடி ஏறிக் காடு மூடிய பிறகுதான் பாவா நினைத்த கட்டடம் வெளிப்பட்டது. அதன் முதல் நாள் படம் அதற்கே அநியாயம் செய்கிறது.

இப்போது நேரில் பார்ப்பதற்கு வருவோம். படத்தில் விட்டுப்போவதை நேரடி வருகை பிடித்துவிடும் என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான வருகைகள், படத்துக்குள் நடந்து போவது போன்றவையே. லீட் முறையில் பசுமைக் கல்விக்கு ஒரு புள்ளி உண்டு. விளக்கப் பலகை, கையேடு, வழிகாட்டியோடு சுற்றிக்காட்டல் ஆகியவற்றை வைத்து அதை ஈட்டலாம். சுற்றிக்காட்டுவதே மதிப்பெண்ணில் சேரும்போது, காட்டுவதற்கென்றே ஒரு பாதை உருவாவது இயல்பு. மொட்டை மாடி சோலார் பேனல், மாடித் தோட்டம், நுழைவாயில் நீர்த்தடாகம், பிறகு பட்டயத்துக்கு அருகில் குழுப்படம். அந்தப் பாதைக்கு வெளியே எத்தனையோ பார்க்க இருக்கிறது. பகல் பதினோரு மணிக்கு முகப்பை நிமிர்ந்து பார்த்தால் எத்தனை ஜன்னலில் பிளைண்ட் இறக்கிவிடப்பட்டிருக்கிறது, அதே ஜன்னலுக்குள் எத்தனை டியூப் லைட் எரிகிறது என்று எண்ணலாம். இயற்கை ஒளிக்காகக் கண்ணாடி போட்டு, கண் கூசுவதால் திரையை இறக்கி, இருட்டானதால் விளக்கைப் போடும் இந்த மூன்று படிச் சங்கிலி உலகெங்கும் அலுவலகங்களில் காணப்படுவது. அதைப் பிடிக்க ஒரே ஒரு படம் போதும். பின் வாசலுக்குப் போனால் தண்ணீர் லாரி வருகிறதா என்று தெரியும். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனாலும் 2019 கோடையில் சென்னை வறண்டபோது பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடி அலுவலகங்களில் சில, ஊழியரை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னன. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா, டீசல் ஜெனரேட்டர் எத்தனை பெரிது, வாகன நிறுத்தம் எத்தனை மாடி, பேருந்து நிறுத்தத்திலிருந்து நடைபாதை இருக்கிறதா, ஏ.சி. காற்று வரும் வாயில் யாராவது அட்டை ஒட்டி அடைத்திருக்கிறார்களா, மேசையடியில் தனி ஃபேன் இருக்கிறதா — இவை ஒவ்வொன்றும் வடிவமைப்பு பலித்ததா என்பதற்குக் கண்கூடான தடயம்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை சில உண்டு. பார்வையாளர் தணிக்கையாளர் அல்ல, அழகை ரசிக்க வந்தவரிடம் மீட்டரைக் காட்டுவானேன் என்பது முதல் தடை. அழகான படம் இல்லாவிட்டால் பசுமைக் கட்டடம் என்ற எண்ணமே பரவியிருக்காது என்பதும் அதோடு சேர்ந்த வாதம். இதில் உண்மை உண்டு. ஹைதராபாத் பசுமை வணிக மையத்தின் வட்ட முற்றமும், ஜாலிச் சுவர்களும், காற்றுக் கோபுரங்களும் படங்களாகப் பரவியதால்தான் இந்தியத் தொழில்துறை இந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் படம் பரப்பும்போது எது பரவுகிறது என்று கேட்க வேண்டும். படத்தைப் பார்த்துக் கட்டுகிறவர் படத்தில் தெரிவதைத்தான் நகலெடுப்பார். நிழல் தரும் ஜாலி தெரிந்தால் ஜாலி பரவும், கண்ணாடி தெரிந்தால் கண்ணாடி பரவும். அழகை விட்டுவிடச் சொல்லவில்லை. எந்த அழகு வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துக் காட்டச் சொல்கிறோம். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டடக்கலைஞர்கள் அந்தோனின் ரேமண்டும் ஜார்ஜ் நகாஷிமாவும் 1930களின் பிற்பகுதியில் தொடங்கினார்கள். அதன் சுவர்களே திறந்து மூடும் கிடைமட்டப் பலகைகள். ஒரே இடத்திலிருந்து பலகை திறந்த நிலையில் ஒரு படம், மூடிய நிலையில் ஒரு படம் எடுத்தால், கட்டடம் காற்றையும் வெயிலையும் கையாளும் விதம் முழுவதும் விளங்கிவிடும். ஏ.சி. இல்லாத அந்தக் கட்டடம் எழுந்த காலத்தில் பசுமைச் சான்றிதழ் என்ற ஒன்றே இல்லை. அழகும் அங்கே குறையவில்லை.

அனுமதி கிடைக்காது என்பது இரண்டாவது தடை. இது நடைமுறைச் சிக்கல், ஆனால் இரண்டு வேறு விஷயங்கள் இதில் குழம்பிக் கிடக்கின்றன. கட்டடத்தைப் படமெடுப்பதும் அந்தப் படத்தை வெளியிடுவதும் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் சொல்கிறது. உள்ளே நுழைவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும், ஊழியர் முகத்தைப் படமெடுக்க அவர் சம்மதம் வேண்டும், தடை செய்யப்பட்ட இடங்களில் எடுக்கக் கூடாது. இவை நியாயமான வரம்புகள். ஆனால் மேற்சொன்ன தடயங்களில் பாதி சாலையிலிருந்தே தெரிபவை. கூரைமேல் இருப்பதைக் கூகுள் எர்த் செயற்கைக்கோள் படங்கள் காட்டும். பழைய ஆண்டுகளின் படங்களையும் அதில் வரிசையாகப் பார்க்கலாம். மாடித் தோட்டம் இன்னும் பச்சையாக இருக்கிறதா, காய்ந்து வெறும் தளமாயிற்றா என்பதை வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம். கதவு திறக்க வழியும் உண்டு. 1992இல் லண்டனில் தொடங்கிய ‘ஓப்பன் ஹவுஸ்’, வழக்கமாக மூடியிருக்கும் கட்டடங்களை ஆண்டுக்கு ஒருமுறை பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்துவிடுகிறது. பல நாடுகளின் நகரங்கள் அதைப் பின்பற்றுகின்றன. பாஸிவ் ஹவுஸ் அமைப்பினர் ஆண்டுதோறும் நடத்தும் திறந்த நாட்களில், குடியிருப்பவர்களே விருந்தினருக்குத் தங்கள் வீட்டைக் காட்டி எரிபொருள் செலவைச் சொல்கிறார்கள். மானியமோ கூடுதல் தளப்பரப்போ பெற்றுக்கொண்டு ‘பசுமை’ என்று விளம்பரம் செய்யும் கட்டடம், ஆண்டில் ஒரு நாள் கதவைத் திறப்பது பெரிய சுமையல்ல.

மூன்றாவது தடை எதிர்த்திசையிலிருந்து வருகிறது. சான்றிதழ், படம் எல்லாமே விளம்பரம். கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் கட்டியவற்றுக்கும் நம் பழைய முற்ற வீடுகளுக்கும் எந்தப் பட்டயம் இருந்தது என்று கேட்பவர்கள் உண்டு. பழைய அறிவு மதிக்கத்தக்கதுதான். ஆனால் ஆயிரம் பேர் வேலை செய்யும் பத்து மாடிக் கட்டடத்தையும், இரவெல்லாம் இயங்கும் மருத்துவமனையையும் முற்ற வீட்டு அனுபவத்தை மட்டும் வைத்துக் கட்ட முடியாது. சான்று முறைகள் வந்த பிறகுதான் கட்டடம் எத்தனை யூனிட் செலவிடுகிறது, எத்தனை லிட்டர் நீர் எடுக்கிறது என்று எண்ணிக் கேட்கும் பழக்கமே கட்டுமானத் தொழிலில் புகுந்தது. அளக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தவர்களை அளவின் பெயரால் நிராகரிப்பது முரண். முதல் நாளோடு நிறுத்திவிடாமல் தொடர்ந்து அளக்கச் சொல்வதே சரி.

அப்படித் தொடர்ந்து அளப்பது நடக்கக்கூடியதே என்பதைச் சான்றுலகம் காட்டிவிட்டது. ஆஸ்திரேலியாவில் 1998இல் வேர்விட்ட ‘நேபர்ஸ்’ முறை, பன்னிரண்டு மாத உண்மையான மின்கட்டணத்தை வைத்தே நட்சத்திரம் கொடுக்கிறது. 2010இல் வந்த சட்டத்தின்படி பெரிய அலுவலகப் பரப்பை விற்கவோ வாடகைக்கு விடவோ அந்த நட்சத்திரத்தை வெளியிட்டாக வேண்டும். ‘லிவிங் பில்டிங் சாலஞ்ச்’ என்ற முறை, கட்டடம் ஓராண்டு இயங்கிக் காட்டிய பிறகே சான்று தருகிறது. பிரிட்டனில் 2008 முதல் பெரிய பொதுக் கட்டடங்கள் தம் உண்மையான ஆற்றல் செலவைத் தர எழுத்தோடு கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். நியூயார்க்கில் 2020 முதல் பெரிய கட்டடங்களின் வாசலிலேயே ஆற்றல் தர எழுத்து தொங்குகிறது; ஆண்டுதோறும் மாறும் அந்த எழுத்தைத் தெருவில் போகிற எவரும் படமெடுக்கலாம். இந்தியாவிலும் ஆற்றல் திறன் பணியகம் 2009 முதல் அலுவலகக் கட்டடங்களுக்குச் சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் என்ற உண்மையான செலவை வைத்து நட்சத்திரம் தருகிறது. ஆனால் அது விருப்பத்தின் பேரில் பெறுவது, வாசலில் மாட்டும் கட்டாயமும் இல்லை.

எழுத்தும் படமும் இதே வழியில் போக முன்மாதிரிகள் இருக்கின்றன. 1990களின் நடுவில் பிரிட்டனில் ‘புரோப்’ என்ற தொடர் ஆய்வு நடந்தது. கட்டடப் பணிகளுக்கான ஒரு தொழில் இதழ், தான் முன்பு புத்தம் புதிதாகப் பாராட்டி எழுதிய கட்டடங்களுக்குச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பப் போனது; மீட்டரைப் படித்தது; உள்ளே வேலை செய்பவர்களைக் கேட்டது; குறைகளையும் பெயர் சொல்லி அச்சிட்டது. எதிர்பார்த்ததைவிட ஆற்றல் செலவு பல இடங்களில் மிக அதிகம், கட்டுப்பாட்டுக் கருவிகள் பயன்படுத்துபவருக்குப் புரியாத அளவுக்குச் சிக்கல் என்பவை அது கண்ட பொதுவான குறைகள். அதே காலத்தில், 1994இல், ஸ்டூவர்ட் பிராண்ட் எழுதிய கட்டட நூல் ஒரே கட்டடத்தை வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்தே தன் வாதத்தை நடத்தியது. இரண்டிலும் புதுக் கருவி எதுவுமில்லை. திரும்பிப் போவது என்ற ஒரே முடிவுதான் வித்தியாசம்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் செய்ய வேண்டியது எளிமையாகவே இருக்கிறது. பசுமைக் கட்டடத்தின் படத்தோடு அது எடுக்கப்பட்ட மாதம், ஆண்டு, நேரம், கட்டடம் திறந்து எத்தனை ஆண்டு, கிடைத்தால் கடந்த ஆண்டின் சதுர மீட்டர் யூனிட் கணக்கு ஆகியவை சேர வேண்டும். திறப்பு விழாப் படத்தை வெளியிட்ட இதழ், ஐந்தாம் ஆண்டில் அதே இடத்தில் நின்று இன்னொரு படம் வெளியிட வேண்டும். கட்டடக்கலைக் கல்லூரிகள் மாணவர்களை வேலை நாளின் நடுப்பகலில், கோடையில், ஊழியர்கள் இருக்கும்போது கூட்டிப்போக வேண்டும், ஏ.சி. இயக்குபவரையும் தோட்டக்காரரையும் வழிகாட்டியாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் எது ஓடுகிறது, எது நின்றுபோனது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பொதுப்பணத்தில் எழுந்த பசுமைக் கட்டடங்களிலிருந்து இதைத் தொடங்குவது நியாயம். நூலகம், மருத்துவமனை, அமைச்சகம், மெட்ரோ நிலையம் எதுவானாலும் மின்கட்டணம் கட்டுவது மக்கள்தான். பட்டயத்துக்கு அருகில் அந்தக் கட்டண விவரமும் ஆண்டுதோறும் தொங்கட்டும் என்று பார்வையாளர்கள் கேட்கத் தொடங்கினால், அடுத்து கட்டப்படும் கட்டடத்தின் வடிவமைப்பாளர் முகப்பை வரைவதற்கு முன்னால் அந்தக் கட்டணத்தை நினைத்துப் பார்ப்பார்.